ராத்திரி குடித்த சிரப் காலையில் வேலை செய்யவில்லையே?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மூட்டுவலி அதிகமானதால் இரண்டு மாதமாக ட்ராமடால் கலந்த வலி மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சேர்ந்தன. அதிலிருந்து நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறார், அதுவும் முக்கி முக்கி. டாக்டர் லாக்டுலோஸ் சிரப் 15 மி.லி. இரவில் கொடுக்கச் சொன்னார். சாப்பிடும் ஸ்பூனில் மூன்று கொடுத்தேன். காலையில் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அன்று காலை மூன்று ஸ்பூன், இரவு நான்கு ஸ்பூன் கொடுத்தேன். அண்ணன் வாங்கி வைத்திருந்த பழைய வெள்ளை நிற மருந்திலும் இரண்டு ஸ்பூன், படுத்திருந்தவருக்கு அப்படியே ஊற்றினேன். மறுநாள் ஆறேழு முறை தண்ணீராகப் போனது. எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இப்போது ஐந்து நாளாக மறுபடியும் போகவில்லை. சிரப் பாகுபோல் இனிக்கிறது, சர்க்கரை ஏறாதா? திரும்பக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: திரும்பக் கொடுக்கலாமா என்பதற்கு முன்னால் அம்மாவிடம் நான்கு விஷயம் கேளுங்கள். காற்றுப் பிரிகிறதா? வாந்தி இருக்கிறதா? வயிறு கல் மாதிரி இறுகி வீங்கியிருக்கிறதா? வலி விட்டு விட்டு முறுக்குகிறதா? மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை, கூடவே வாந்தியோ வீக்கமோ இருக்கிறது என்றால் அது வெறும் மலச்சிக்கல் இல்லை, குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது எந்த மலமிளக்கியும் ஒரு சொட்டுகூடக் கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது ஆகியவையும் டாக்டர் நேரில் பார்க்க வேண்டியவை. இவை எதுவும் இல்லை, காற்றுப் பிரிகிறது, சாப்பிடுகிறார் என்றால், இன்றே டாக்டருக்குப் போன் செய்து அந்தப் பேதியையும் தலைசுற்றலையும் சொல்லிவிட்டு, அவர் சம்மதத்தோடு எழுதிக் கொடுத்த அதே 15 மி.லி.யிலிருந்து மறுபடி தொடங்கலாம். அநேகமாக மருந்தில் கோளாறு இல்லை. மருந்துக்குக் கொடுக்க வேண்டிய நேரம் கொடுக்கப்படவில்லை.

பேதிக்குக் கொடுப்பது என்றாலே விளக்கெண்ணெய் நினைவுதான் நம் எல்லோருக்கும். குடித்த சில மணி நேரத்தில் வயிறு கலக்கிவிட வேண்டும், கலக்காவிட்டால் போதவில்லை என்று முடிவு. லாக்டுலோஸ் அந்த வகை இல்லை. இது குடலைப் பிடித்து உலுக்காது. இது ஒரு செயற்கைச் சர்க்கரை, கேலக்டோஸும் ஃப்ரக்டோஸும் சேர்ந்தது. இதை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லாததால் அநேகமாக முழுதாகவே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே இருக்கும் பாக்டீரியா இதைப் புளிக்கவைத்து அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலமும் மீதிச் சர்க்கரையும் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பிடிக்க, காய்ந்து கெட்டியான மலம் ஊறி இளகுகிறது. இத்தனையும் நடந்து முடிய 24 முதல் 48 மணி நேரம் ஆகும். சிலருக்கு மூன்றாம் நாள்தான் பலன் தெரியும்.

இப்போது உங்கள் வீட்டில் நடந்ததைப் பாருங்கள். முதல் இரவு கொடுத்தது தன் வேலையை ஆரம்பிக்கும் நேரத்தில் காலையில் மூன்று ஸ்பூன் போயிற்று, இரவில் நான்கு போயிற்று, அதன்மேல் வேறொரு மருந்தும் போயிற்று. எல்லாம் ஒன்றுசேர்ந்து மறுநாள் வந்தன. முதல் நாள் அளவோடு விட்டிருந்தால், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சாதாரணமாகவே போயிருக்க வாய்ப்பு அதிகம். இன்று அளவை மாற்றினால் அதன் பலன் நாளை மறுநாள்தான் தெரியும் என்ற கணக்கு மனதில் நின்றுவிட்டால், இந்த மருந்தில் வரும் தவறுகளில் பெரும்பாதி குறைந்துவிடும்.

அடுத்தது ஸ்பூன். மருத்துவக் கணக்கில் டீஸ்பூன் என்றால் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் என்றால் 15 மி.லி. சமையலறையில் இருக்கும் எவர்சில்வர் ஸ்பூன் எந்தக் கணக்கிலும் சேராது. ஒவ்வொரு செட்டிலும் ஒவ்வொரு குழி. அதிலும் லாக்டுலோஸ் கெட்டிப் பாகு. ஸ்பூனின் விளிம்புக்கு மேலேயும் குமிழாக ஏறி நிற்கும். உங்கள் ஸ்பூனில் மூன்று முறை தண்ணீர் எடுத்து மருந்துப் பாட்டிலோடு வரும் அளவு மூடியில் ஊற்றிப் பாருங்கள். அன்று எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது தெரிந்துவிடும், அதை டாக்டரிடமும் சொல்லலாம்.

அளவு மூடியிலும் ஒரு சிக்கல் உண்டு. கோடுகள் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகி, பாதி தெரியும் பாதி தெரியாது. சில மூடி 10 மி.லி. மட்டுமே பிடிக்கும், நிறைய ஊற்றினால் 15 என்று நினைத்துவிடுவோம். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை கோட்டைத் தேடிப்பிடித்து, வெளிப்பக்கம் பெர்மனன்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஊற்றும்போது மூடியைக் கையில் தூக்கிப் பிடிக்காமல் மேசைமேல் வைத்து, நீங்கள் குனிந்து கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். திரவம் ஓரத்தில் சற்று ஏறி நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழிவின் அடிமட்டம் கோட்டைத் தொட வேண்டும். அம்மா குடித்த பிறகும் மூடியின் சுவரில் பாகு ஒட்டியிருக்கும். அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றி அதையும் குடிக்கச் சொல்லுங்கள். பார்வை மங்கலானவர்கள் தாங்களே எடுத்துக்கொள்வதாக இருந்தால் மூடியைவிட ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் நல்லது. ஒருமுறை 10, ஒருமுறை 5. கணக்கு பிசகாது.

நேராகவும் குடிக்கலாம், தண்ணீரிலோ பாலிலோ கலந்தும் குடிக்கலாம். இனிப்பு குமட்டுகிறது என்றால் அரை டம்ளர் தண்ணீரில் கலந்தால் எளிதாக இறங்கும். வாயிலேயே வைத்துச் சுவைத்துக்கொண்டிருக்க வேண்டாம், பல்லுக்கு ஆகாது. விழுங்கியதும் வாய் கொப்பளித்துவிடலாம். இந்த மருந்து குடலுக்குள் இழுக்கும் தண்ணீர் உடம்பிலிருந்துதான் வர வேண்டும் என்பதால், பகலெல்லாம் தண்ணீர் குடிக்காதவருக்கு இதன் பலன் பாதிதான். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. இரவில்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இதற்குப் பெரிதாக இல்லை. தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். இரவில் மறந்துபோகிறது என்றால் காலைச் சாப்பாட்டோடு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை வழக்கமான அளவுதான். விட்டதையும் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அந்தப் பழைய வெள்ளை மருந்துதான். நீங்கள் பெயர் எழுதவில்லை. பாட்டிலை எடுத்து லேபிளைப் படியுங்கள். நம் ஊர் மருந்துக்கடைகளில் பால்போல் வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ கிடைக்கும் மலமிளக்கிகளில் பெரும்பாலும் லிக்விட் பாரஃபினும் மில்க் ஆஃப் மெக்னீசியாவும் இருக்கும். சிலவற்றில் சோடியம் பிகோசல்ஃபேட்டும் சேர்ந்திருக்கும். அப்படியானால் மூன்று எச்சரிக்கை. லிக்விட் பாரஃபின் ஒரு கனிம எண்ணெய். தண்ணீர் புரையேறினால் இருமல் வரும்; இந்த எண்ணெய் மூச்சுக்குழாயில் வழுக்கிக்கொண்டு இறங்கினால் இருமல்கூட வராமல் போகலாம். நுரையீரலில் தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். அதனால்தான் படுத்திருப்பவருக்கு, தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு, பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படுபவருக்கு, சின்னக் குழந்தைக்கு இதை ஊற்றவே கூடாது. அம்மாவுக்கு அன்றிலிருந்து இருமலோ மூச்சு வாங்குவதோ காய்ச்சலோ இருந்தால், 'படுத்திருக்கும்போது எண்ணெய் மருந்து கொடுத்தேன்' என்பதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். அது தெரியாமல் அவர் சாதாரண சளி என்று நினைத்துவிடக் கூடாது.

மெக்னீசியாவில் உள்ள மெக்னீசியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பல ஆண்டு சர்க்கரையும் பிரஷரும் உள்ள 71 வயதுக்காரருக்குச் சிறுநீரகம் முழு வேகத்தில் வேலை செய்கிறதா என்பது கிரியாட்டினின் பரிசோதனை பார்க்காமல் தெரியாது. தேங்கினால் சோர்வு, தசைத் தளர்ச்சி, பிரஷர் இறக்கம் எல்லாம் வரும். பிகோசல்ஃபேட் இருந்தால், அது 6 முதல் 12 மணி நேரத்தில் குடலைத் தூண்டிவிடும் மருந்து. மெதுவாக வேலை செய்யும் ஒன்றையும் வேகமாக வேலை செய்யும் ஒன்றையும் கூட்டினால் என்ன ஆகும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். இன்னொன்றும் உண்டு: லிக்விட் பாரஃபினை நாள்கணக்கில் எடுத்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை உடம்பு உறிஞ்சுவதைக் குறைக்கும். எலும்புக்கென்று ஒரு பக்கம் கால்சியம் மாத்திரை, மறுபக்கம் அந்தக் கால்சியம் சேர்வதற்குத் தேவையான வைட்டமின் டி-யை எண்ணெயோடு வெளியே அனுப்புவது என்று ஆகிவிடும். அந்தப் பாட்டிலை அம்மாவின் மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தண்ணீராகப் போன அன்று நீங்கள் மலமிளக்கியை நிறுத்தியது சரி. ஆனால் அன்றே டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும், ஏனென்றால் தலைசுற்றலுக்குக் காரணம் பேதி மட்டுமாக இருந்திருக்காது. பிரஷர் மாத்திரைகள் பலவற்றில் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் பிரியவைக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். உடம்பிலிருந்து ஏற்கெனவே தண்ணீரும் பொட்டாசியமும் போய்க்கொண்டிருக்க, அந்த மாத்திரையும் அதையே செய்தால் பிரஷர் சரசரவென்று இறங்கும்; எழுந்து நிற்கும்போது கீழே விழுவார். இந்த வயதில் அப்படி விழுவது பேதியைவிடப் பெரிய ஆபத்து. இனி ஒருவேளை நேர்ந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள்; பெரிய பாக்கெட் என்றால் முழுதாக 1 லிட்டர் தண்ணீரில், சிறிய பாக்கெட் என்றால் 200 மி.லி.யில். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் போடுவது தவறு. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை அன்று கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சிறுநீர் குறைந்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, மயங்கினாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

சர்க்கரை ஏறுமா என்ற கேள்வி நியாயமானது. லாக்டுலோஸ் சிறுகுடலில் உறிஞ்சப்படுவது மிகக் குறைவு, அதனால் அந்த இனிப்பு ரத்தத்துக்குப் பெரிதாகப் போவதில்லை. தயாரிப்பில் தங்கிவிடும் கேலக்டோஸும் லாக்டோஸும் 15 மி.லி.யில் சேர்த்துப் பார்த்தாலும் 3 கிராமுக்குள்தான். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் அளவில் இதனால் சர்க்கரை குறிப்பிடும்படி ஏறுவதில்லை. அளவு அதிகமாகும்போது மட்டும் வீட்டிலேயே ஒன்றிரண்டு முறை சோதித்துக்கொள்ளலாம். இனிக்கிறது என்பதற்காகச் சர்க்கரை மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள். பால் சாப்பிட்டால் வயிறு பொருமுகிறவர்களுக்கு இதிலும் உப்புசம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். கேலக்டோசீமியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் இந்த மருந்து அறவே ஆகாது.

மறுபடி தொடங்கும்போது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, கொடுத்த அளவு, போனாரா, மலம் எப்படி இருந்தது. இது நான்கும் போதும். ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக, கெட்டியாக, வாழைப்பழம்போல் வழவழப்பாக, கூழாக, தண்ணீராக என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். முக்காமல் வாழைப்பழம் பதத்தில் போனால் அளவு சரி. தினமும் போயே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் சுலபமாகப் போனாலும் போதும். முதல் மூன்று நாளும் 15 மி.லி.யிலேயே நில்லுங்கள். காற்று அதிகம் பிரியும், வயிறு கடமுடா என்னும். பாக்டீரியா புளிக்கவைக்கும்போது வரும் வாயு அது. சில நாளில் அடங்கும். அதற்குப் பிறகும் கெட்டியாகவே இருந்தால் டாக்டரிடம் சொல்லி அளவைக் கூட்டலாம். பெரியவர்களுக்குப் பொதுவாக நாளுக்கு 15 முதல் 30 மி.லி. வரை கொடுப்பார்கள், தேவைப்பட்டால் 60 வரையும் போவார்கள். அந்த முடிவு அவருடையது. கூழாகிவிட்டால் குறைப்பது, தண்ணீரானால் அன்றைய வேளையை விட்டுவிட்டு அவரைக் கூப்பிடுவது.

நோட்டில் ஒன்றை மட்டும் ஏமாந்துவிடாமல் கவனியுங்கள். பல நாள் போகாமல் இருந்த வயதானவருக்குத் திடீரென்று தண்ணீர் தண்ணீராகக் கசியும், துணியில் படும், அவருக்கே தெரியாமல் போகும். வீட்டில் பேதி என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்துவார்கள், பேதியை நிறுத்தும் மாத்திரையும் கொடுப்பார்கள். உண்மையில் மலக்குடலில் பெரிய கெட்டிக் கட்டி அடைத்துக்கொண்டிருக்க, அதன் ஓரத்தில் இருக்கும் இடுக்கு வழியாகத் தண்ணீர் மட்டும் வழிகிறது. இங்கே பேதியை நிறுத்தும் மாத்திரை நிலைமையை மோசமாக்கும். முதலில் கெட்டியாக ஏதாவது போனதா, இல்லை வெறும் கசிவுதானா, வயிறு கனமாகவே இருக்கிறதா, 'இன்னும் இருக்கிற மாதிரியே இருக்கிறது' என்கிறாரா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டர் ஆசனவாயில் விரல்வைத்துப் பார்த்து, தேவையென்றால் எனிமா கொடுத்து அந்தக் கட்டியை எடுத்த பிறகுதான் சிரப்புக்கு வேலை. உங்கள் அம்மாவுக்கு ஐந்து நாளாகப் போகவில்லை என்பதால் இதையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மலச்சிக்கல் எப்போது ஆரம்பித்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ட்ராமடாலும் கால்சியமும் சேர்ந்த பிறகு. ட்ராமடால் குடலின் அசைவையே மந்தமாக்கும். கால்சியம் கார்பனேட்டும் இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். சிரப் எழுதிக் கொடுத்த டாக்டருக்கு இந்த வலி மாத்திரை தெரியுமா? இரண்டும் இரண்டு டாக்டர் எழுதியவை என்றால் சீட்டுகளை ஒன்றாக எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். வலி மாத்திரையைக் குறைக்க முடிந்தால் சிரப்பே தேவைப்படாமல் போகலாம். ஆனால் இரண்டு மாதம் தொடர்ந்து எடுத்த ட்ராமடாலை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதுவரை இஸப்கோல் என்ற நார்ச்சத்து உமியைச் சிரப்போடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். மந்தமான குடலில், தண்ணீரும் போதாமல் இருந்தால், அது உப்பி அடைத்துக்கொள்ளும்.

மூட்டுவலி என்பதால் அம்மா வெஸ்டர்ன் டாய்லெட்டில்தான் உட்காருவார் என்று நினைக்கிறேன். காலை காபிக்கோ சாப்பாட்டுக்கோ பிறகு குடல் தானாக ஒருமுறை அசையும். அந்த நேரத்தில் பத்து நிமிடம் உட்காரவையுங்கள், காலுக்கடியில் ஒரு சின்ன மணைப்பலகையோ ஸ்டூலோ போட்டு, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து இருக்கும்படி. பாதி வேலை அதிலேயே முடியும். எழும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள்.

பாட்டில் விஷயமாக இரண்டு வார்த்தை. இனிப்பு என்பதால் எறும்பு வரும், மூடியும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் பாட்டில் கழுத்தை ஈரத்துணியால் துடைத்து மூடுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம், பாகு கெட்டியாகி ஊற்றவே வராது. வெயில் படாத அலமாரி போதும். நிறம் கொஞ்சம் பழுப்பானால் பயமில்லை. கன்னங்கரேலென்று மாறி கலங்கிப்போனால் கொட்டிவிடுங்கள். அடுத்த முறை கடையில் வேறு கம்பெனி பாட்டில் கொடுத்தால், பெட்டியில் லாக்டுலோஸ் என்றே இருக்கிறதா, 15 மி.லி.யில் 10 கிராம் என்றிருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். லாக்டிடால் என்று ஒன்றும் உண்டு, எழுத்து கிட்டத்தட்ட ஒன்று, மருந்து வேறு.

இதைப் படிக்கும் வேறு சில வீடுகளில் இதே சிரப் கல்லீரல் சுருக்க நோய்க்காக இருக்கும். அவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அங்கே ரத்தத்தில் அம்மோனியா சேர்ந்து மூளையைக் குழப்பாமல் இருக்கத்தான் இது கொடுக்கப்படுகிறது. ஒரு வேளைக்கு 30 மி.லி. என்று நாளுக்கு மூன்று நான்கு முறைகூட எழுதுவார்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிப் போக வேண்டும் என்பதே இலக்கு. 'நன்றாகத்தான் போகிறதே' என்று அங்கே மருந்தை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ஆள் மாறிவிடலாம். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, கை நீட்டினால் படபடவென்று ஆடுவது, பேச்சு குழறுவது ஆகியவைதான் முன்னறிகுறி. அப்படிக் கூப்பிட்டாலும் சரியாகக் கண் திறக்காத நிலையில் இருப்பவர் வாயில் சிரப்பை ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.